முன்னால் எத்தனை பேர்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சான்றிதழ் வழங்கும் ஓர் அலுவலகத்தில் மக்கள் சேவைப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்புவரை மூன்று கவுண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வரிசை. சராசரியாக 40 நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. நான்காவது கவுண்டரைத் திறந்தோம். வரிசைகளை எடுத்துவிட்டு டோக்கன் இயந்திரம் வைத்தோம். புதிய விண்ணப்பத்துக்கு ‘அ’, திருத்தத்துக்கு ‘ஆ’, நகலுக்கு ‘இ’ என்று மூன்று தொடர்கள். நாற்காலிகளும் போட்டாயிற்று. இப்போது சராசரிக் காத்திருப்பு 25 நிமிடம்தான். ஆனால் சண்டை கூடிவிட்டது. புகார்ப் புத்தகத்தில் நேரத்தைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. “எனக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போய்விட்டார்” என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம்.

இதே மனிதர்கள் வேறு இடங்களில் மணிக்கணக்கில் சிரித்துப் பேசியபடி நிற்பதையும் பார்க்கிறேன். ஒருவரை வரிசையில் மனமுவந்து நிற்க வைப்பது எது? கூடத்தில் டிவி வைத்தால் பலன் இருக்குமா? முதியவர்களை முன்னால் அனுப்பும்போது எழும் முணுமுணுப்பை எப்படிச் சமாளிப்பது? மூடும் நேரத்தில் வருபவர்களை என்ன செய்வது? விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பாதிப் பதிலை உங்கள் புகார்ப் புத்தகமே சொல்லிவிட்டது. நேரத்தைக் குறைத்தீர்கள், அதே கையோடு முறையை மறைத்துவிட்டீர்கள்.

வரிசையில் நிற்பது என்பது ஓர் ஏற்பாட்டுக்குச் சம்மதிப்பது. எனக்கு முன்னால் வந்தவருக்கு நான் வழிவிடுகிறேன், எனக்குப் பின்னால் வந்தவர் எனக்கு வழிவிட வேண்டும். பழைய வரிசையில் இதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. முன்னால் தெரியும் முதுகுகளை எண்ணிக்கொள்ளலாம், பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். உடம்புதான் சாட்சி. டோக்கன் கொடுத்து உட்கார வைத்ததும் அந்தச் சாட்சியம் போய்விட்டது. இப்போது யார் முன்னால், யார் பின்னால் என்பது இயந்திரத்துக்கு மட்டும் தெரியும். கால் வலியை நீக்கியது நல்ல காரியம்தான். ஆனால் கண் செய்துகொண்டிருந்த வேலையை வேறு எதற்காவது கொடுத்திருக்க வேண்டும்.

முதலில் அந்த மூன்று தொடர்களை எடுத்துக்கொள்வோம். கையில் ஆ-12 வைத்திருப்பவர் பத்தரை மணிக்கு வந்தவர். அவர் கண்ணெதிரே பத்தே முக்காலுக்கு உள்ளே வந்த ஒருவர் இ-31 வாங்கிக்கொண்டு நேராகக் கவுண்டருக்குப் போய்விடுகிறார். நகல் எடுக்கும் கவுண்டர் அப்போது காலியாக இருந்திருக்கும். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கு மட்டும் தெரிந்த நியாயம். உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது, பின்னால் வந்தவர் முன்னால் போனார் என்ற ஒன்றே. அமெரிக்காவின் எம்ஐடியில் வரிசைகளை நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்ட் லார்சன், 1987இல் எழுதிய கட்டுரையில் காத்திருப்பைச் சமூக நீதிப் பிரச்சினையாகவே பார்த்தார். பின்னால் வந்தவர் நம்மைத் தாண்டுவதால் வரும் ஆத்திரம், கூடுதலாகக் காத்திருந்த நிமிடங்களோடு சேர்த்தி இல்லாதது. இரண்டே நிமிடம் தள்ளிப்போனாலும் அரை மணி நேரத்துக்கான கோபம் வரும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நான்கு ஊழியர்களும் மூன்று வேலையையும் செய்யக் கூடியவர்கள் என்றால் தொடர்களை எடுத்துவிட்டு 1, 2, 3 என்று ஒரே எண் வரிசை கொடுங்கள். வேலை வகையைச் சீட்டில் சின்னதாக அச்சடித்தால் போதும். அது சாத்தியமில்லை என்றால் தொடர்களைக் கண்ணுக்குப் பிரித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு தொடருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்திலேயே சீட்டு, தனித்தனித் திரை, நாற்காலிகளிலும் தனித்தனிப் பகுதி. நகலுக்கு வந்தவர் வேறு பகுதியில் உட்கார்ந்திருந்தால் அவர் எழுந்து போவதைத் திருத்தத்துக்கு வந்தவர் தன்மேல் நடந்த அநியாயமாக எடுத்துக்கொள்ள மாட்டார். இப்போது ஒரே திரையில் ஆ-12, இ-31, அ-47 என்று மாறி மாறி ஓடவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது லாட்டரிக் குலுக்கல் மாதிரி இருக்கும்.

கவுண்டருக்கு ஒரு வரிசை என்பதைவிட எல்லாக் கவுண்டருக்கும் பொதுவாக ஒரே வரிசை நல்லது என்பதற்கும் இதுவே முதல் காரணம். மூன்று வரிசைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவருக்கு, தன் வரிசை மற்ற இரண்டையும்விட வேகமாக நகரும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். மூன்றில் இரண்டு தடவை பக்கத்து வரிசை ஏதாவது ஒன்று முந்தும். “நான் நிற்கிற வரிசை மட்டும் நகராது” என்பது வெறும் புலம்பல் அல்ல, கணக்கும் அதையே சொல்கிறது.

நேரமும் மிச்சமாகும். இரண்டு கவுண்டர்கள், ஒருவருக்குச் சராசரியாக 6 நிமிட வேலை, கவுண்டர்கள் 80 சதவீத நேரம் வேலையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி வரிசை என்றால் சராசரிக் காத்திருப்பு 24 நிமிடம். பொது வரிசை என்றால் 11 நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஊழியரும் கூடவில்லை, வேகமும் கூடவில்லை. ஒரு கவுண்டர் சும்மா இருக்க இன்னொன்றின் முன்னால் கூட்டம் நிற்பது மட்டும் ஒழிந்தது. நடைமுறையில் ஆட்கள் வரிசை மாறிக்கொள்வதால் இடைவெளி இந்த அளவு இருக்காது. என்றாலும் அந்த வரிசை மாற்றமே பாதிச் சண்டைக்குக் காரணம் என்பதை மறக்க வேண்டாம்.

பொது வரிசைக்கு ஒரு குறையும் உண்டு. தன் முன்னால் தனக்கென்று ஒரு வரிசை நிற்கும்போது ஊழியருக்கு அதை முடிக்க வேண்டும் என்ற முனைப்பு வரும். பொதுவில் நின்றால் அது யாருடைய கூட்டமும் அல்ல. மருத்துவமனை அவசரப் பிரிவு ஒன்றில் செய்து 2015இல் வெளியான ஆய்வில், நோயாளிகளை ஆரம்பத்திலேயே இன்ன மருத்துவருக்கு என்று பிரித்துக் கொடுத்தபோது அவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஆகவே பொது வரிசையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கவுண்டரும் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை முடித்தது என்பதை ஊழியர்கள் மட்டும் பார்க்கும் இடத்தில் எழுதி வையுங்கள். பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் வேண்டாம். மெதுவாக வேலை செய்பவர் என்று ஒருவரை அடையாளம் காட்டினால் அவர் கவுண்டருக்கு அழைக்கப்பட்டவர் போகவே மறுப்பார்.

புதிதாக ஒரு கவுண்டர் திறக்கும் நொடியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். டோக்கன் இல்லாத இடங்களில் தவறாமல் நடப்பது இது. ஊழியர் வந்து உட்கார்கிறார், ‘மூடப்பட்டுள்ளது’ பலகையை எடுக்கிறார், யார் முகத்தையும் பார்க்காமல் “இங்கே வரலாம்” என்கிறார். வரிசையின் தலையில் நிற்பவர் தன் முறை வரப்போகிறது என்று பழைய கவுண்டரையே பார்த்துக்கொண்டிருப்பார், காதில் விழுந்திருக்காது. நடுவில் நிற்பவர் போகலாமா, போனால் இருக்கிற இடமும் போய்விடுமோ என்று ஒரு காலை மட்டும் எடுத்து வைத்திருப்பார். அதற்குள் கடைசியாக வந்த இரண்டு பேர் ஓடிப்போய் நின்றுவிடுவார்கள். இழப்பதற்கு இடம் என்று எதுவும் அவர்களுக்கு இல்லையே! ஆக, அரை மணி நேரம் நின்றவரைவிட அரை நிமிடம் நின்றவருக்குப் பலன். நல்லது செய்யத்தான் அந்தக் கவுண்டரைத் திறந்தார்கள், ஆனால் கூடத்தில் கூச்சல் எழும். இதற்கு மருந்து மிகச் சின்னது. திறக்கும் ஊழியர் உட்காருவதற்கு முன்பு வரிசையின் தலைக்கு நடந்து போய், “உங்களுக்கு அடுத்து நிற்பவர் என்னோடு வாருங்கள்” என்று ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இடையில் புகுபவர்களைப் பற்றி ஒரு நல்ல பரிசோதனை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் அவர் குழுவினரும் நியூயார்க்கில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே ஆட்களைப் புகவைத்தார்கள். முடிவுகள் 1986இல் வெளியாயின. புகுபவர் மூன்றாம் ஆளுக்கும் நான்காம் ஆளுக்கும் இடையில் வந்து, “மன்னிக்கவும், நான் இங்கே நின்றுகொள்கிறேன்” என்று சொல்லிவிட்டு நிற்பார். யாராவது கண்டித்தால் விலகிவிடுவார், இல்லையென்றால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்விடுவார். ஒருவர் புகுந்தபோது ஏறக்குறையப் பாதி வரிசைகளில்தான் எதிர்ப்பு வந்தது. இருவர் சேர்ந்து புகுந்தபோது பத்தில் ஒன்பது வரிசைகள் எதிர்த்தன. கை வைத்துத் தள்ளியது பத்தில் ஒரு வரிசையில்தான். யார் எதிர்க்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம். பெரும்பாலும் புகுந்த இடத்துக்கு நேர் பின்னால் நிற்பவர். அவர் பேசாமல் இருந்துவிட்டால் அதற்குப் பின்னால் நிற்பவர்களும் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பரிசோதனைக் குழுவின் ஆட்களையே முன்கூட்டி அந்த இடத்தில் நிறுத்தி வாய் திறக்காமல் இருக்கச் செய்தபோது எதிர்ப்பு வெகுவாக விழுந்தது.

அதாவது வரிசையைக் காவல் காக்கும் பொறுப்பு முழுவதும் ஒரே ஆளின் தலையில் விழுகிறது. அவர் கூச்ச சுபாவம் உள்ளவராக இருந்தால் வரிசை அங்கேயே உடையும். இந்த வேலையைப் பொதுமக்களிடம் விடக் கூடாது. முறை தவறினால் அதைச் சொல்ல வேண்டியவர் உங்கள் ஊழியர். டோக்கன் இருக்கும் இடத்தில் அழைக்கப்பட்ட எண்ணைச் சீட்டில் பார்க்காமல் யாரையும் கவனிக்கக் கூடாது என்பது ஒன்றே போதும். “ஒரே ஒரு சந்தேகம் சார்” என்று கவுண்டரின் பக்கவாட்டில் வந்து நிற்பவருக்குப் பதில் சொன்னாலே முறை உடைந்துவிட்டது. சந்தேகங்களுக்குத் தனியாக ஒருவரை வாசலில் உட்கார வையுங்கள். அவர் காகிதங்களையும் அங்கேயே சரிபார்க்கட்டும். முக்கால் மணி நேரம் காத்திருந்தவரிடம் கவுண்டரில் வைத்து “இந்த நகல் இல்லையே” என்று சொல்வதைவிடப் பெரிய கொடுமை இந்தத் துறையில் கிடையாது. ஊழியர்களுக்குத் தெரிந்தவர்கள் பின்கதவு வழியாக வந்துபோவதையும் நிறுத்துங்கள். அந்தக் கதவு திறந்து மூடுவதைக் கூடமே பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது, இன்னும் எவ்வளவு நேரம் என்பது. ஹார்வர்டில் கற்பித்த டேவிட் மைஸ்டர் 1985இல் காத்திருப்பின் மனநிலையைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையின் ஆரம்பப் பாடம். முடிவு தெரியாத காத்திருப்பு தெரிந்ததைவிட நீளமாகத் தோன்றும், காரணம் சொல்லப்படாத தாமதம் சொல்லப்பட்டதைவிட நீளமாகத் தோன்றும் என்றார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும், ஆனால் செய்பவர்கள் குறைவு.

நேரத்தைக் கணக்கிடப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆட்களின் சராசரி எண்ணிக்கை, வரும் வேகத்தையும் ஒருவர் தங்கும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் வருவது. அதைத் திருப்பிப் போட்டால் உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். முன்னால் 19 பேர், உங்கள் அலுவலகம் ஒரு மணி நேரத்தில் 38 பேரை முடிக்கிறது என்றால் காத்திருப்பு அரை மணி நேரம். அந்த 38 என்பது ஆண்டுச் சராசரியாக இருக்கக் கூடாது, கடைசி அரை மணி நேரத்தில் நடந்ததை இரட்டிப்பாக்கி எடுக்க வேண்டும். பிறகு கணக்கு சொல்வது 30 என்றால் சீட்டில் 35 என்று அச்சடியுங்கள். சொன்னதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அழைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் அதற்கு முன்பு நின்ற 35 நிமிடத்தையும் சேர்த்துத் திட்டுவார்கள். அதற்காக 30ஐ 60 என்று போடவும் கூடாது. நான்கு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு நீங்கள் எந்த எண்ணைப் போட்டாலும் நம்பமாட்டார்கள்.

நிமிடத்தைவிட “உங்களுக்கு முன்னால் இத்தனை பேர்” என்ற எண் இன்னும் நம்பிக்கையானது. நிமிடம் ஏறி இறங்கும், முன்னால் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே தொடர் என்றால் சீட்டு எண்ணையும் திரை எண்ணையும் பார்த்து அவர்களே கழித்துக்கொள்வார்கள். திரை பத்து நிமிடத்துக்கு மேல் நகராமல் நின்றால் ஒருவர் எழுந்து நின்று காரணத்தைச் சொல்ல வேண்டும். “சர்வர் நின்றுவிட்டது, சரிசெய்ய 15 நிமிடம் ஆகும்” என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். சொல்லாவிட்டால் அத்தனை பேரும் திரையையே முறைத்துக்கொண்டு இருப்பார்கள். அதே போல, மூடிய கவுண்டருக்குப் பின்னால் ஓர் ஊழியர் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தால் அவர் நிஜமாகவே கடுமையாக உழைத்தாலும் பார்ப்பவர்களுக்கு அது எரிச்சல்தான். அவரைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார வையுங்கள், அல்லது ‘தபால் விண்ணப்பங்கள் பார்க்கப்படுகின்றன’ என்று பலகை வையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு கணக்கு சரியில்லை என்றால் எதுவும் நிற்காது. நான்கு கவுண்டர், ஒருவருக்கு 6 நிமிடம் என்றால் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் 40 பேரை முடிக்கலாம். அப்படியானால் 38 பேர் வரை வந்தால் தாக்குப்பிடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் ஆட்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை, எல்லோருடைய வேலையும் சரியாக 6 நிமிடத்தில் முடிவதும் இல்லை. இந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொண்டுவந்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலைபார்த்த எர்லாங். அவருடைய முதல் கட்டுரை 1909இல் வந்தது. 1917இல் வெளியிட்ட சூத்திரத்தை இன்றும் கால் சென்டர்களில் பயன்படுத்துகிறார்கள். அதை உங்கள் நான்கு கவுண்டருக்குப் போட்டுப் பார்த்தால், மணிக்கு 32 பேர் வரும்போது சராசரிக் காத்திருப்பு நாலரை நிமிடம். 36 பேர் என்றால் 12 நிமிடம். 38 பேர் என்றால் 27 நிமிடம். 39 பேர் என்றால், அதே வேகம் நெடுநேரம் நீடித்தால், 57 நிமிடம். ஒரே ஓர் ஆள் கூடியதற்கு அரை மணி நேரம்!

உங்கள் 25 நிமிடச் சராசரியைப் பார்த்தால் நீங்கள் இந்த விளிம்பில்தான் நிற்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இங்கே ஓர் ஊழியர் பத்து நிமிடம் எழுந்து போனாலே கூடம் நிரம்பிவிடும், அந்தக் கூட்டம் மதியம்வரை கரையாது. ஆனால் இதை மறுபக்கம் திருப்பிப் பார்த்தால் நல்ல செய்தி. 38 பேரில் இரண்டு பேரைக் கூட்டம் இல்லாத நேரத்துக்கு நகர்த்த முடிந்தால் காத்திருப்பு பாதிக்கும் கீழே போகும். காலை முதல் ஒரு மணி நேரம் அதிகம் பேர் வருகிறார்களா என்று கால் மணிக்கு ஒரு தடவை வாசலில் தலை எண்ணிப் பாருங்கள். நாள் சராசரியை மட்டும் வைத்திருந்தால் இது தெரியவே தெரியாது. எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்பதை வாசலில் எழுதி வையுங்கள். ஊழியர்களின் இடைவேளையை அதற்கேற்ப மாற்றுங்கள். நகல் போன்ற இரண்டு நிமிட வேலைகளுக்கு, முன்பு சொன்னபடி கண்ணுக்குப் பிரித்துக் காட்டி, ஒரு கவுண்டரை ஒதுக்குவதும் உதவும். இரண்டு நிமிட வேலைக்கு 25 நிமிடம் நிற்பவருக்குத்தான் பொறுமை முதலில் போகும். அரை மணி நேர வேலைக்கு வந்தவர் அதே 25 நிமிடத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வார். கிடைக்கப்போவதன் மதிப்பு கூடக்கூடப் பொறுமையும் கூடும் என்பதும் மைஸ்டர் சொன்னதுதான்.

வேறு இடங்களில் மணிக்கணக்கில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. அங்கே அவர்கள் ஆசைப்பட்டு வந்திருக்கிறார்கள், உங்களிடம் வேறு வழியில்லாமல் வந்திருக்கிறார்கள். மீதி விடை வேறு. ஆசைப்பட்டதற்கான வரிசையில் அக்கம்பக்கம் நிற்பவர்களும் அதே ஆசையோடு வந்தவர்கள், பேச விஷயம் இருக்கிறது. பின்னால் நீளும் வரிசை, வந்த இடம் சரிதான் என்று உறுதிப்படுத்துகிறது. ரோங்ரோங் ஜோவும் திலிப் சோமனும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பின்னால் நிற்பவர்கள் கூடக்கூட வரிசையை விட்டுப் போகும் எண்ணம் குறைந்தது. முன்னால் நிற்பவர்கள் எண்ணிக்கை மாறாவிட்டாலும்கூட! இதன் மறுபக்கத்தை ரையன் ப்யூல் 2021இல் காட்டினார். வரிசையில் கடைசி ஆளாக நிற்பவரே பக்கத்து வரிசைக்குத் தாவுகிறார், விட்டுவிட்டும் போகிறார். அவருக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றதும் மனம் ஆறிவிடுகிறது. மனிதர்கள் எவ்வளவு அற்பமான ஆறுதல்களில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் கூடத்தில் டோக்கன் வாங்கியவுடன் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருக்க வேண்டியது இந்தக் கடைசி ஆளுக்காகத்தான்.

டிவி பற்றிக் கேட்டீர்கள். சும்மா இருக்கும் நேரம் நீளும், கைவேலையோடு இருக்கும் நேரம் சுருங்கும் என்பது உண்மை. இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஹூஸ்டன் விமான நிலையம். பெட்டி வரத் தாமதம் என்று புகார் குவிந்தது. ஆட்களைக் கூட்டிக் காத்திருப்பை 8 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள், புகார் ஓயவில்லை. பயணிகள் ஒரு நிமிடம் நடந்து வந்து ஏழு நிமிடம் பெட்டிக்காக நின்றுகொண்டிருந்தார்கள். விமானங்கள் வந்து நிற்கும் வாயிலைத் தொலைவுக்கு மாற்றி ஆறு மடங்கு தூரம் நடக்கவிட்டதும் புகார் ஏறக்குறைய நின்றுவிட்டது. இந்த உதாரணத்தைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நடந்து வந்த பயணியை யாரும் முந்தவில்லை, அங்கே முறை பற்றிய கேள்வியே எழவில்லை. உங்கள் புகார் அந்த வகை அல்ல. இப்போது டிவி வைத்தால் அதன் சத்தத்தில் டோக்கன் எண் காதில் விழாமல் முறையைத் தவறவிட்டவர்களின் சண்டையும் சேர்ந்துகொள்ளும். டிவிக்கான பணத்தில் எல்லா நாற்காலியிலிருந்தும் தெரியும்படி இரண்டாவது திரை ஒன்று வாங்குங்கள். விண்ணப்பப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். அதுவும் கைவேலைதான், கவுண்டரிலும் நிமிடங்கள் குறையும்.

எண் அழைத்தபோது இல்லாதவரைப் பற்றியும் விதி வேண்டும். இருபது விநாடி இடைவெளியில் இரண்டு தடவை அழையுங்கள். வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுங்கள். திரும்பி வந்தவருக்கு, அப்போது கவுண்டரில் நிற்பவரும் அவருக்கு அடுத்தவரும் முடிந்த பிறகு இடம். இந்த விதி சீட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். ஊழியரின் தயவில் விட்டால் இரக்கம் காட்டியவரும் மாட்டிக்கொள்வார், காட்டாதவரும் மாட்டிக்கொள்வார்.

முதியவர்களை முன்னால் விடுவதற்கு மக்கள் எதிரி இல்லை. எலன் லாங்கரும் அவர் சகாக்களும் 1978இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றில், நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் ஒருவர் போய், “ஐந்து பக்கம் இருக்கிறது, நான் எடுத்துக்கொள்ளலாமா” என்று கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டார்கள். “அவசரம்” என்று காரணம் சேர்த்தபோது 94 சதவீதம். “நகல் எடுக்க வேண்டியிருக்கிறது” என்று காரணமே இல்லாத காரணத்தைச் சொன்னபோதுகூட 93 சதவீதம் பேர் விட்டார்கள். இதை மட்டும் சொல்லி, எந்தக் காரணத்தைச் சொன்னாலும் ஜனங்கள் நம்புவார்கள் என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அதே பரிசோதனையில் 20 பக்கம் என்றதும் வெற்றுக் காரணம் பலிக்கவில்லை. காரணம் சொல்லாமல் கேட்டபோதும் 24 சதவீதம்தான், வெற்றுக் காரணத்துக்கும் அதே 24தான். உண்மையான அவசரத்துக்கு 42. சின்ன விட்டுக்கொடுப்புக்கு மரியாதையாகக் கேட்டால் போதும், பெரிய விட்டுக்கொடுப்புக்கு நிஜமான காரணம் வேண்டும். காசும் இதில் பெரிதாகச் செல்லாது. காத்திருப்பவர்களிடம் பணம் தருகிறேன், முன்னால் விடுங்கள் என்று கேட்டுப் பார்த்த ஃபீலிக்ஸ் ஓபர்ஹோல்ட்சர்-கீ, தொகை கூடக்கூட வழிவிடுபவர்கள் கூடியதையும், வழிவிட்டவர்களில் பெரும்பாலோர் அந்தப் பணத்தை வாங்காததையும் 2006இல் எழுதினார். பெரிய தொகையைச் சொல்பவருக்கு நிஜமாகவே அவசரம் என்று புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கூடத்தில் முணுமுணுப்பு எழுவது முன்னுரிமை அறிவிக்கப்படாமல் நடப்பதால் இருக்கலாம். யாருக்கெல்லாம் முன்னுரிமை என்பதை டோக்கன் இயந்திரத்தின் பக்கத்திலேயே எழுதுங்கள். முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு வருபவர்கள். அவர்களுக்குத் தனி அடையாளமுள்ள சீட்டு. நான்காவது கவுண்டர் முதலில் அவர்களைப் பார்க்கட்டும், அவர்கள் இல்லாதபோது பொது வரிசையிலிருந்து எடுக்கட்டும். மற்ற மூன்று கவுண்டரிலும் எக்காரணம் கொண்டும் முன்னுரிமைச் சீட்டை எடுக்கக் கூடாது. தன் வரிசை ஒரு கணமும் நிற்கவில்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தால் பக்கத்தில் ஒரு முதியவர் போவதை யாரும் கணக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக மூடும் நேரம். வரிசைகளை ஆராய்ந்த லியோன் மானும் உடன் ஆராய்ந்த டெய்லரும் 1969இல் காட்டிய விஷயம் இங்கே பொருந்தும். கொடுப்பதற்கு இருக்கும் அளவைத் தாண்டி நிற்பவர்கள், தங்களுக்கு முன்னால் நிற்பவர்களைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். எப்படியும் கிடைத்துவிடும் என்ற நப்பாசை எண்ணிக்கையைச் சுருக்கிவிடுகிறது. ஆகவே “கூட்டத்தைப் பார்த்து அவர்களே புரிந்துகொண்டு போவார்கள்” என்று இருக்க முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் வாலில் வந்து சேரும் நொடியிலேயே.

ஐந்து மணிக்கு மூடுவதாக வைத்துக்கொள்வோம். நாலேகாலுக்கு மேல் முக்கால் மணி நேரத்தில் அதிகபட்சம் 30 பேரை முடிக்கலாம், நிம்மதியாக முடிக்க 26. நாலேகாலுக்குக் கூடத்தில் 26 பேர் இருந்தால் அன்றைய டோக்கன் அத்தோடு நின்றுவிட வேண்டும். கடைசி எண்ணை வாசலில் பெரிதாக எழுதுங்கள். அதற்குப் பிறகு வருபவர்களுக்கு மறுநாள் காலை முதல் பத்துச் சீட்டுகளை நேரம் போட்டு அங்கேயே கொடுத்துவிடுங்கள். வெறுங்கையோடு திரும்பாதவர் சத்தம் போடமாட்டார். பத்துக்கு மேல் கொடுத்தால் காலையில் விடியற்காலையே வந்து நிற்பவர்களோடு புதுத் தகராறு கிளம்பும். அந்தச் சீட்டில் வாங்குபவரின் பெயரையும் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டே வாரத்தில் வாசலில் யாராவது அதை விற்றுக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்.